ஆர்டர் பார்ப்பவருக்கு எதற்கு அட்மின் சாவி?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையின் இணையதளம் வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்), வூகாமர்ஸில் (அதில் கடை நடத்த உதவும் துணை மென்பொருள்) ஓடுகிறது. ஆர்டர் கவனிக்கும் ஊழியர்கள் இருவருக்கும் அட்மின் அனுமதி இருக்கிறது. போன வாரம் 2,450 ரூபாய் சேலை 245 ரூபாய் ஆகிவிட்டது. அவர்கள் ஆர்டரை மட்டும் பார்க்கும்படி செய்ய முடியுமா? யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தினமும் மின்னஞ்சலில் அறிக்கையும் வேண்டும். தளத்தைச் செய்து கொடுத்தவர் இதற்கு மாதம் 5,000 ரூபாய் கேட்கிறார். - வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் முடியும், ஆனால் அறிக்கையில் ஆளின் பெயர் மட்டும் வராது. மாதச் சம்பளம் போட வேண்டிய வேலை இல்லை. முதலாவதை நீங்களே அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டாவதற்கு லினக்ஸ் (சர்வர்களில் ஓடும் இயங்குதளம்) தெரிந்த ஒருவருக்கு ஒரே ஒருமுறை கூலி கொடுத்தால் போதும்.

ஊழியருக்கெல்லாம் அட்மின் போட்டுக் கொடுப்பது சோம்பேறித்தனம். வூகாமர்ஸே 'ஷாப் மேனேஜர்' என்று ஒரு பொறுப்பை வைத்திருக்கிறது. ஆனால் அவரும் விலையை மாற்றலாம், தளத்தின் பக்கங்களை அழிக்கலாம். அதனால் 'யூசர் ரோல் எடிட்டர்' என்ற இலவச பிளக்இன்னை (துணை மென்பொருள்) போட்டு, ஷாப் மேனேஜரை நகலெடுத்து 'ஆர்டர் ஊழியர்' என்று புதுப் பொறுப்பு உண்டாக்குங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். நகலில் ப்ராடக்ட், பேஜ், போஸ்ட் என்ற சொற்கள் வரும் டிக்குகளை எடுத்துவிடுங்கள், 'எடிட் போஸ்ட்ஸ்' (edit_posts) என்ற ஒன்றைத் தவிர. அதுவும் போனால் ஊழியரை வூகாமர்ஸ் நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே விடாது. 'மேனேஜ் வூகாமர்ஸ்' என்பதையும் எடுங்கள், அது அமைப்புகளுக்கான சாவி. 'ஷாப் ஆர்டர்' என்று வருபவற்றை மட்டும் தொடாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட டிக்குப் பெட்டிகளை ஒரு கடைக்காரர் முன்னால் கொட்டுவதைத்தான் இந்த மென்பொருள் உலகம் 'எளிமை' என்கிறது. என்ன செய்வது!

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ரீஃபண்ட். ஆர்டரைத் திருத்தும் அனுமதி இருப்பவர் பணத்தையும் திருப்பி அனுப்பலாம். இரண்டுக்கும் ஒரே அனுமதிதான், தனி டிக் கிடையாது. உங்கள் பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), உங்கள் தளத்திலிருந்தே ரீஃபண்ட் செய்ய இடம் கொடுத்தால், பொத்தானை அழுத்தியதும் பணம் போய்விடும். கேட்வே இணைப்பில் அந்த வசதியை அணைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேட்வேயின் ரீஃபண்ட் பட்டியலைத் தினமும் நீங்களே பாருங்கள். விலை தவறினால் ஒரு சேலையோடு போகும். இது அப்படி நிற்காது.

அப்புறம், தளத்தைச் செய்தவருடைய அட்மின் கணக்கு. கோபத்தில் அதை 'டெலீட்' செய்ய வேண்டாம். அழிக்கும்போது, அவர் பெயரில் உள்ளவற்றையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். பெரும்பாலும் எல்லாப் பக்கங்களும் அவர் பெயரில்தான் இருக்கும். அவசரத்தில் முதலாவதைத் தொட்டால் தளம் காலி. பொறுப்பைச் 'சப்ஸ்கிரைபர்' என்று இறக்கினால் போதும். அதற்கு முன்னால் டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். கடைப் பெயர்ப் பலகையைத் தன் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு வாடகை கேட்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. உங்கள் பெயருக்கு மாறிய பிறகு மற்றதைப் பேசுங்கள்.

சரி, அறிக்கை. சர்வர் 'ஆக்சஸ் லாக்' என்ற கோப்பில் ஒவ்வொரு வருகையையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். லாகின் பக்கத்துக்கு வந்த 'போஸ்ட்' வரிகளை (படிவத்தை அனுப்பியதைக் காட்டுபவை, மேலே சொன்ன போஸ்ட் வேறு) 'கிரெப்' என்ற தேடும் கட்டளை கொண்டு பொறுக்க வேண்டும். வழக்கமான வடிவத்தில் ஒன்பதாவது சொல் விடைக்குறி, அதாவது சர்வர் தந்த பதிலின் எண். அது 302 என்றால் பெரும்பாலும் உள்ளே போய்விட்டார், 200 என்றால் கடவுச்சொல் தவறி அதே பக்கத்தில் நிற்கிறார். 'ஆக்' (வரியிலிருந்து சொற்களைப் பிரிக்கும் கட்டளை) கொண்டு 302 வரிகளின் நேரத்தையும் ஐபியையும் (இணைய இணைப்பின் முகவரி எண்) எடுத்து ஒரு பட்டியல். 200 வரிகளின் ஐபிகளைச் 'சார்ட்' செய்து (வரிசைப்படுத்தி) 'யூனிக்' என்ற கட்டளை கொண்டு எண்ணி இன்னொரு பட்டியல். சார்ட் செய்யாமல் எண்ணினால் கணக்கு தப்பும், ஏனென்றால் யூனிக் அடுத்தடுத்து வரும் வரிகளைத்தான் சேர்க்கும். பத்து வரி ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு), 'கிரான்' (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) மூலம் இரவில் ஓடவிட்டால் மின்னஞ்சல் வந்துவிடும். (தேதிக்கான சதவீதக் குறியைக் கிரான் வரியிலேயே எழுதினால் அது அங்கே துண்டாகிவிடும். ஸ்கிரிப்டுக்குள் எழுதச் சொல்லுங்கள். இதற்கு நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன்.)

இந்த அறிக்கையில் பெயர் வராது. லாகுக்குத் தெரிந்தது ஐபி மட்டும்தான். கடை வைஃபையில் இருவருக்கும் ஒரே ஐபி, மொபைல் டேட்டாவில் முன்பின் தெரியாத பலருக்கும் ஒரே ஐபி. எந்த ஊழியர் எந்த விலையை மாற்றினார் என்று தெரிய, 'ஆக்டிவிட்டி லாக்' வகை பிளக்இன் ஒன்று தனியாக வேண்டும், அதுவும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால்தான் பயன்படும். சர்வர் லாகை வைத்தே ஆளைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். வரியில் +0000 என்று இருந்தால் சர்வர் நம் நேரத்தில் இல்லை, ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. காலை 9 மணிக்குக் கடை திறந்தவுடன் நுழைந்தது 3:30 என்று காட்டும். நடுராத்திரியில் அங்கே என்ன வேலை என்று பாவம், அந்தப் பையனைப் பிடித்துக் கேட்டுவிடாதீர்கள்.

பல ஹோஸ்டிங்குகளில் பழைய லாகுகள் சொல்லாமல் அழிந்துவிடும். சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) 'ரா ஆக்சஸ்' பக்கத்துக்குப் போய், சேமித்து வைக்கும் டிக்கைப் போட்டு, மாதக் கடைசியில் அழிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், ஸ்கிரிப்ட் அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம்.