பளபளப்பில் பொடித் தங்கம் நிற்காது

கேள்வி: நகைப் பட்டறையில் கூட்டி அள்ளின மண்ணைக் கழுவ பிளைவுட்டில் நானே ஒரு ஸ்லூயிஸ் பெட்டி (தண்ணீரை ஓடவிட்டு மண்ணை அலசி, தங்கத்தை அடியில் நிறுத்துகிற சாய்வுப் பெட்டி) செய்தேனுங்க. பலகை ஊறாமல் இருக்க எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். குருணை நின்றுவிடுகிறது, மாவு மாதிரி இருக்கிற பொடி மட்டும் தண்ணீரோடு போய் வாளியில் விழுகிறது. எதைப் பூசினால் ஒட்டும்?
– வாசகர், செல்வபுரம், கோவை

பதில்: தங்கத்தை ஒட்ட வைக்கிற பூச்சு எதையும் தேடாதீர்கள். தண்ணீர் பலகை முழுக்க ஒரே படலமாகப் பரவ வேண்டும், பூச்சின் வேலை அவ்வளவுதான். எனாமல் பளபளப்பில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, இரண்டு மூன்று தாரையாகப் பிரிந்து ஓடும். தாரைக்குள் வேகம் அதிகம், தாரைக்கு வெளியே பலகை காய்ந்து கிடக்கும், அந்தக் காய்ந்த ஓரத்தில் பட்ட பொடி தண்ணீரின் மேல் ஏறி மிதந்தே போய்விடும். தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதா மணலுக்கு 2.65தான், அப்படியும் மிதக்கிறது என்றால் துகள் அவ்வளவு மெல்லிசு. பட்டறை மண்ணில் மெழுகும் எண்ணெயும் வேறு சேர்ந்திருக்கும்.

பள்ளிக்கூட கரும்பலகைக்கு அடிக்கிற பிளாக்போர்டு பெயிண்ட் வாங்குங்கள். பொடித் தங்கம் பிரிக்கிறவர்கள் மில்லர் டேபிள் என்று ஒரு சாய்வுப் பலகை வைத்திருப்பார்கள், வீட்டிலேயே அதைச் செய்துகொள்கிறவர்கள் பலர் அதற்கு இந்தப் பெயிண்டைத்தான் அடிக்கிறார்கள். பளபளப்பு இல்லாத அந்தச் சொரசொரப்பு கையில் தடவினால் லேசாகத்தான் தெரியும், அது போதும். பலகையை ஒட்டி ஓடுகிற தண்ணீருக்கு வேகம் கிட்டத்தட்ட இல்லை; தட்டையான தங்கத் துகள் அதற்குள் படுத்துக்கொள்ளும், மணல் உருண்டையாக உயர்ந்து நிற்பதால் மேலே ஓடுகிற வேகத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். கறுப்பில் மஞ்சள் பளிச்சென்று தெரிவது கூடுதல் லாபம்.

எனாமலின் மேலேயே அடித்துவிடாதீர்கள், உரிந்து வரும். பழையதை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து பளபளப்பை எடுத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. பிளைவுட்டின் வெட்டு முனைகளை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் குடித்து உப்புவது அங்கேதான் ஆரம்பிக்கும். பெயிண்ட் வாசனை போகிற வரை சில நாள் வெயிலில் போடுங்கள். அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். திரண்டு உருண்டால் இன்னும் தேய்க்க வேண்டும், விரிப்பாகப் பரவினால் பலகை தயார்.

இந்தப் பூச்சு குறுக்குச் சட்டம் இல்லாத சமமான பலகைக்குத்தான். குறுக்குச் சட்டம் அடித்த பெரிய பெட்டிக்கு அடியில் வரி ரப்பர் மேட் போடுங்கள், அங்கே பெயிண்ட் மரத்தைக் காப்பாற்றினால் போதும், சாய்வு ஒரு அடிக்கு ஒரு அங்குலத்தில் ஆரம்பிக்கலாம். அதில் நின்ற கறுப்பு மண்ணை மட்டும் பலகைக்குக் கொண்டுவாருங்கள். பலகையின் குறுக்கு வாட்டம் ரசமட்டத்தில் சரியாக இருக்கட்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் எந்தப் பூச்சும் உதவாது. சிறிய கூலர் பம்ப் போதும், ஆனால் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஓடக்கூடாது. பாத்திரம் கழுவுகிற லிக்விட் சில சொட்டு விட்டால் மிதக்கிற பொடி கீழே இறங்கும்.

சலிக்காமல் மட்டும் போடாதீர்கள். பெரிய மணலும் சின்னத் தங்கமும் ஒன்றாகப் போனால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். 30, 50, 100 நம்பர் சல்லடையில் தனித்தனியாகப் பிரித்து, காந்தத்தைத் துணியில் சுற்றி இரும்புத் தூளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சலிப்பையும் ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள். மெழுகு போக மண்ணை வறுக்கிறவர்கள் உண்டு. கேடிஎம் பற்று (நகையை ஒட்டவைக்கிற காட்மியம் கலந்த பொடி) வைத்த பட்டறை மண் என்றால் அதில் காட்மியம் இருக்கும், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், வீட்டில் அந்த வேலையே வேண்டாம். பாலிஷ் மோட்டாரில் வருகிற பஃப் தூளைத் தண்ணீரில் பிரிக்கப் பார்ப்பதும் வீண் வேலை, அதை உருக்கிச் சுத்தம் செய்கிறவரிடம் கொடுத்துவிடுவதே லாபம்.

கழுவி வந்த வாளி மண்ணைக் கொட்டிவிடாமல் மரவையில் (அலசுகிற மரத் தட்டில்) போட்டு இன்னொரு முறை அலசிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், அப்புறம் சாய்வை.

கேள்வி: செப்புத் தகட்டில் பாதரசம் தேய்த்து பெட்டியில் பதித்தால் பொடி முழுக்கப் பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: பிடிக்கும், பொய் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தங்க ஆலைகளில் அப்படித்தான் பிடித்தார்கள். ஆனால் பிடித்ததைப் பிரிக்கச் சூடு காட்ட வேண்டும், அந்த ஆவி மூச்சில் போனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, கழுவின தண்ணீர் சாக்கடை வழியாகக் காவிரிக்குப் போகும். சாயத் தண்ணீரில் அந்த ஆறு பட்டதே போதும். பாதரசம் பூசுவது எப்படி என்று இந்தப் பகுதியில் எழுத மாட்டேன்.

கேள்வி: இதே பெட்டியைப் பவானி ஆற்றில் வைத்தால் ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கம் 1880ஐ ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கத்துக்காகப் படையெடுத்து, சில வருடங்களில் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பின. அந்தப் பக்கத்து மலைத் தண்ணீர் மேற்கே இறங்கி நிலம்பூர் சாலியாற்றில் சேர்கிறது, உங்கள் பவானிக்கு வருவதில்லை. மேலும் ஆற்று மணலை அனுமதி இல்லாமல் அள்ளிக் கழுவுவது குற்றம், உங்கள் ஊருக்கு மேலே உள்ள காடு 2013 முதல் புலிகள் காப்பகம் வேறு. பெட்டியைக் கொண்டுபோனால் வனத்துறை அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகும்.