கிழவர்கள் வென்ற கோப்பை

கேள்வி: பிரிட்டனின் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் லீக்கில் 2021-ஆம் ஆண்டுப் பட்டத்தை வென்ற பீட்டர்பரோ அணியில் நாற்பது வயதுக்காரர்கள்தாம் முன்னணியில் இருந்தார்களாமே! கிழவர்கள் கோப்பையைத் தூக்கிச் செல்கிறார்கள் என்றால் அந்த லீக்கின் தரம் எந்த லட்சணத்தில் இருக்கும்?

பதில்: தரம் குறைந்திருக்கிறது என்பதில் உங்களோடு சண்டையில்லை. பழி சுமத்த நீங்கள் பிடித்து வந்த ஆட்கள்தாம் தவறு.

ஸ்காட் நிக்கோல்ஸுக்கும் பியார்னே பெடர்சனுக்கும் அப்போது 43 வயது. ஹான்ஸ் ஆண்டர்சனுக்கு 40. கிறிஸ் ஹாரிஸ் இவர்களுக்குத் தம்பி, 38! இறுதிப் போட்டியில் மான்செஸ்டரின் பெல் வ்யூ அணியை வீழ்த்தியவர்கள் இவர்கள்.

இவர்கள் மண் தடத்தில் ஓட்டுவது பிரேக்கே இல்லாத, ஒரே கியர் கொண்ட, மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டி. ஒரு பந்தயத்துக்கு நால்வர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். முதல் மூவருக்கு 3, 2, 1 புள்ளிகள்; நான்காமவருக்கு முட்டை. ஆட்டத்தின் பாதி, தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலெழும் அந்த ஒரு நொடியிலேயே முடிந்துவிடும். அதற்குமுன் வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பூட்ஸ் காலால் தரையைக் கீறிக் கிளறி, பின் சக்கரம் நிற்கப்போகும் இடத்தில் ஈரமும் பிடிப்பும் உள்ள மண்ணைத் தேடுகிறார்கள். பத்தாவது பந்தயத்தில் அந்த மண் முதல் பந்தயத்தில் இருந்த மண்ணாக இருக்காது. அதைப் படிக்க இருபது வருடப் பழக்கம் வேண்டும். இருபது வயது போதாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் அணியின் ஏழு வீரர்களுடைய சராசரிப் புள்ளிகளின் கூட்டுத்தொகை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அங்கே வரம்பு இருக்கிறது. வயது ஏறினால் சராசரி இறங்கும். அனுபவம் மலிவாகக் கிடைக்கும். சந்தையில் எல்லோரும் தளதளவென்று இருக்கும் காய்களையே பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பீட்டர்பரோ முற்றிய காயை வாங்கிக் குழம்பு வைத்தது. சமைக்கத் தெரிந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது.

சரி, தரத்துக்கு வருவோம். 1965-இல் பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோது 18 அணிகள். 2021-இல் மேல்பிரிவில் ஆறே அணிகள். அந்த ஆறில் நான்குக்குப் பிளே-ஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிக்கட்டச் சுற்றில், இடம்! மாதக்கணக்கில் ஓடிவிட்டு இரண்டே இரண்டு அணிகளைக் கழித்துக்கட்டினார்கள். இதற்கு ஒரு லீக் எதற்கு என்று கேட்டிருந்தால் உங்கள் கையைக் குலுக்கியிருப்பேன்.

அணிகள் எங்கே போயின? 2018-இல் சாம்பியனான பூல், அடுத்த சீசன் முடிந்ததும் தானாகவே இரண்டாம் பிரிவுக்கு இறங்கிக்கொண்டது. 2019-இன் சாம்பியன் ஸ்விண்டன் அதற்குப்பின் லீக்கில் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை; அரங்கமே போயிற்று. 2020-இல் கொரோனாவால் சீசனே இல்லை. நீங்கள் கேலி செய்யும் பீட்டர்பரோவின் கதையும் அதேதான். அவர்கள் ஓடிக்கொண்டிருந்த பொருட்காட்சித் திடலில் வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. 2023-உடன் வண்டிச் சத்தம் நின்றது. அதே ஆண்டு வுல்வர்ஹாம்ப்டன் அணியும் மான்மோர் கிரீன் அரங்கைவிட்டு வெளியேறியது. ஓட மண் இல்லாத ஊரில் இளம் வீரன் எங்கே பழகுவான்?

ஆகவே கேள்வியை நிலச் சொந்தக்காரர்களுக்கு எழுதுங்கள். நிக்கோல்ஸை விட்டுவிடுங்கள்.