மஞ்சள் குஞ்சைக் காட்டி ‘ப்ளூ ஃபான்’ என்று விற்றால் என்ன செய்வது?

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். ரீல்ஸ் பார்த்துவிட்டு என் மகள் குட்டி வாத்து வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ‘கால் டக்’ (Call Duck) என்கிற குட்டை இனமாம். புதுச்சேரியில் ஒருவர் ஒரு வாரக் குஞ்சு ஜோடி 6,000 ரூபாய் என்கிறார், அது வெள்ளைக்கு. ப்ளூ ஃபான் என்கிற நிறம் என்றால் 9,000. போட்டோவில் எல்லாக் குஞ்சும் ஒரே மஞ்சளாகத்தான் தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அட்வான்ஸ் போடாதீர்கள். அந்த போட்டோவே போதும். ப்ளூ ஃபான் குஞ்சு முழு மஞ்சளாகப் பொரியாது, முதுகிலும் தலையிலும் நீலச் சாம்பல் படிந்து இடையிடையே மஞ்சள் திட்டு இருக்கும். முழு மஞ்சள் என்றால் பெரும்பாலும் வளர்ந்து வெள்ளையாகிற குஞ்சு. அந்த வெள்ளையும் கால் டக்கா, கறிக்கு வளர்க்கிற பெக்கினா என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது, ஏனென்றால் பெக்கின் குஞ்சும் அதே மஞ்சள்தான்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு அலகையும் தலையையும் பாருங்கள். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கால் டக்குக்குத் தலை உருண்டையாக, நெற்றி செங்குத்தாக எழும்பி, அலகு குட்டையாக அகலமாக இருக்கும். பெக்கினுக்கும் நம்ம ஊர் நாட்டு வாத்துக்கும் அலகு நீளம், நெற்றி சரிந்து இறங்கும். அப்புறம் எடை. கால் டக்கில் வளர்ந்த ஆணே ஏறக்குறைய 700 கிராம்தான், பெட்டை அதைவிடக் குறைவு. பெக்கின் நல்ல தீவனத்தில் ஒரே மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். என் கருத்தைக் கேட்டால், குஞ்சாக வாங்கவே வேண்டாம், எட்டு வாரம் முடிந்த வாத்தாக வாங்குங்கள். அதற்குள் இறகு வந்து நிறம் தெரிந்துவிடும், உடம்பு அளவும் தெரிந்துவிடும். ‘ஜோடி’ என்பதும் அப்போதுதான் நிஜம்: பெட்டை காது கிழியக் கத்தும், ஆணுக்குக் கரகரத்த அடங்கிய குரல். ஒரு வாரக் குஞ்சில் குரலை வைத்தும் பிரிக்க முடியாது, நிறத்தை வைத்தும் முடியாது.

நிறத்துக்குக் கூடுதல் விலை கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1865-இல் வந்த கோழி, வாத்து இனங்களுக்கான தர நூலில் இந்த இனத்துக்கு இருந்தது வெள்ளை, சாம்பல் இரண்டே நிறம். சாம்பல் என்று பெயர்தானே தவிர ஆணுக்குப் பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், மார்பு கருஞ்சிவப்பு. பெட்டை தவிட்டு நிறம். ஏப்ரிகாட், சில்வர், மேக்பை, சாக்லேட் எல்லாம் பிறகு சேர்ந்தவை. ப்ளூ ஃபான் என்பது அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் நிறத்தை மங்கவைக்கிற ஒரு மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் ஒற்றையாக ஏறினால் வருவது, அதுவே இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக ஏறினால் பாஸ்டல் என்கிற நிறம். ஆகவே ப்ளூ ஃபான் ஜோடி போட்ட முட்டைகளில் சராசரியாகப் பாதிக் குஞ்சுதான் ப்ளூ ஃபான், மீதியில் சாம்பலும் பாஸ்டலும் கால் கால் பங்கு. அதே சமயம் சாம்பலையும் பாஸ்டலையும் சேர்த்தால் பொரிவது அத்தனையும் ப்ளூ ஃபான். ‘ரேர் கலர்’ என்று யாராவது 3,000 ரூபாய் ஏற்றினால் இதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

‘இம்போர்ட் செய்தது’ என்று சொன்னால் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தையும் குவாரன்டைன் காகிதத்தையும் கேளுங்கள். இன்னொன்று, ஊசுடு, பாகூர் ஏரிப் பக்கம் பிடித்த குள்ளத்தாராவை யாராவது ‘மினி வாத்து’ என்று நீட்டினால் தொடக்கூடாது. அது காட்டுப் பறவை, பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: லாஸ்பேட்டையில் இருக்கிறோம். ஐந்து மாதம் முன்பு கால் டக் என்று வாங்கிய இரண்டும் இப்போது ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ. விற்றவர் ‘நீங்க தீவனம் அதிகமா போட்டுட்டீங்க’ என்கிறார். பணம் திரும்புமா?

பதில்: தீவனம் போட்டு 700 கிராம் இனத்தை இரண்டரை கிலோ ஆக்க முடியாது, கொழுத்தாலும் எலும்பு அத்தனை பெரிதாகாது. அவர் சொல்வது ஏமாற்று. அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் எடுத்து வையுங்கள். தராசில் வைத்துத் தேதி தெரியப் படம் எடுங்கள். குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டி இனம், எடை பற்றி எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள், டாக்டர் எழுதிய காகிதத்துக்கு மதிப்பு அதிகம். அப்புறம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம், கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் அவர் இதைத் தொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும், வீட்டில் வளர்த்ததை ஒரு தடவை விற்றவர் என்றால் இந்த வழி எடுபடாது. கடை வைத்திருப்பவர் என்றால் 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணையும் கடிதத்தில் கேளுங்கள். நடுவில் அந்த வாத்துகளை ஏரியில் விட்டுவிடாதீர்கள். பாவம், நாய் அடித்துவிடும்.

கேள்வி: குஞ்சு விலை கட்டுப்படியாகவில்லை. கூரியரில் கால் டக் முட்டை வாங்கி நாட்டுக்கோழியிடம் அடை வைக்கலாமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: அடை வைக்கலாம், கோழிமுட்டைக்கு 21 நாள் என்றால் இதற்கு 26 நாள் வரை கோழி எழும்பாமல் உட்கார வேண்டும். ஆனால் கூரியர் முட்டைக்கு நான் காசு போட மாட்டேன். குலுங்கி வந்த முட்டையில் காற்றறை கலைந்துவிடும். அதோடு அலகு குட்டையாக இருப்பதால் இந்த இனக் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வரத் திணறும், உள்ளேயே சாவது அனுபவசாலிகளிடமும் நடக்கிறது. அப்படியும் பொரித்தால் வெறும் கோழிக்குஞ்சுத் தீவனத்தோடு நிறுத்தாதீர்கள், வாத்துக் குஞ்சுக்கு நியாசின் (வைட்டமின் பி3) கூடுதலாக வேண்டும், குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். டாக்டரிடம் அளவு கேட்டு ஈஸ்ட் தூள் கலந்து கொடுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால் குஞ்சுக்கு அது வேண்டாம், குடிநீரையே வையுங்கள்.