ஸ்டேக்கில் மிச்சம் எவ்வளவு?

கேள்வி: சி-யில் சின்னதாக ஒரு இன்டர்பிரிட்டர் (வேறொரு மொழியில் எழுதிய நிரலைப் படித்து ஓட்டும் புரோகிராம்) எழுதுகிறேன். ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டே போனால் நிறுத்த, ஆழத்துக்கு 5000 என்று வரம்பு வைத்தேன். லினக்ஸில் ஒழுங்காகப் பிழை காட்டுகிறது. விண்டோஸில் 5000 வருவதற்குள் புரோகிராமே செத்துவிடுகிறது. ஸ்டேக்கில், அதாவது ஃபங்ஷன் அழைப்புகளின் தற்காலிகத் தகவல்கள் இருக்கும் நினைவகப் பகுதியில், மிச்ச இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லையா?

பதில்: சி-யிடம் கேட்டால் கிடைக்காது, அதன் தரநிலையில் ஸ்டேக் என்ற பேச்சே கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்க வேண்டும். லினக்ஸில் மெயின் திரெட்டுக்கு (புரோகிராமின் முதல் ஓட்டத்துக்கு) வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. மேக்கில் நீங்கள் புதிதாகத் தொடங்கும் திரெட்டுக்கு வெறும் 512 கேபி. போதாததற்கு, ஒரு அழைப்பு 100 பைட்டோடு நிற்கும். உள்ளே பஃபர் வைத்த இன்னொன்று 4 கேபி விழுங்கும். அதனால் எண்ணுவதை விடுங்கள், அளந்து பாருங்கள்.

திரெட் தொடங்கும்போதே ஸ்டேக்கின் கடைசி எல்லையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 முதல் 'கெட் கரண்ட் திரெட் ஸ்டேக் லிமிட்ஸ்' இருக்கிறது. லினக்ஸில் 'பீதிரெட் கெட்ஆட்டர் என்பி'. அப்புறம் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு லோக்கல் மாறியின் முகவரியை எடுத்து, அதிலிருந்து எல்லையைக் கழித்தால் மிச்சம் வந்துவிடும். x86, ஆர்ம் பிராசசர்கள் இரண்டிலும் ஸ்டேக் கீழ்நோக்கி வளர்வதால் கணக்கு இதுவே. பாயின்டராகவே கழிக்காதீர்கள், முழு எண்ணாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இப்படி முகவரிகளைக் கழித்துத்தான் ஆழம் பார்க்கிறது. அங்கே இயல்பான வரம்பு 2 எம்பி.

ஒரு சிக்கல் உண்டு. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு பில்ட் செய்தால், லோக்கல் மாறியை அது ஹீப்புக்கு (ஸ்டேக்குக்கு வெளியே உள்ள நினைவகத்துக்கு) நகர்த்திவிடலாம். அப்போது வருவது அபத்தமான எண். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் ஃபிரேம் (அந்த அழைப்புக்கு ஸ்டேக்கில் ஒதுக்கிய இடம்) முகவரியை நேரடியாகத் தரும் பில்ட்-இன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லை வரை போய் நிற்கவும் கூடாது. பிழைச் செய்தியைத் தொகுத்து அச்சிடவே ஸ்டேக் வேண்டும். நானாக இருந்தால் 64 கேபி மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் பிழை) வந்தபின் ஆபரேட்டிங் சிஸ்டம் அனுப்பும் சிக்னலைப் பிடித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) தன் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புரோகிராம் விழுந்தால் மேற்கொண்டு என்ன செய்வீர்கள்?

சரி, இந்தச் சோதனையை எங்கெல்லாம் போடுவது? ஃபங்ஷன் அழைப்பில் மட்டும் போட்டால் போதாது. யாராவது ஒரு லட்சம் திறப்பு அடைப்புக்குறிகளை வரிசையாக எழுதித் தந்தால், ஒரு வரிகூட ஓடுவதற்கு முன் உங்கள் பார்சரே (எழுதிய நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) விழும். பார்சர், லிஸ்ட்டை அச்சிடும் ஃபங்ஷன், ரிகர்ஷனில் (தன்னையே அழைத்து) ஓடும் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி), மூன்றையும் பாருங்கள். கலெக்டர் மட்டும் பாதியில் பிழை சொல்லி வெளியேற முடியாது; அதற்குத் தனியாக ஹீப்பில் ஒரு வரிசை வைத்து, லூப்பாக மாற்றி எழுதிவிடுங்கள்.