இறக்கத்தில் நியூட்ரல் போடலாமா? கம்பம் பட்டறைக்காரரின் கேள்வி பதில்

கம்பத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். குமுளி மலை இறங்கி வரும் பெரிய வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. எஸ்யூவி ஓட்டுவது பற்றி மட்டும் கேளுங்கள்.

உத்தமபாளையம்: அண்ணே, சின்ன காரை விற்றுவிட்டு எஸ்யூவி எடுத்திருக்கேன். எதைக் கவனிக்கணும்?

உயரத்தை. மேலே உட்கார்ந்திருப்பதால் வேகம் உறைக்காது. அறுபதில் போவது நாற்பது மாதிரி இருக்கும். எடையும் மேலே இருப்பதால் பழைய கார் திரும்பிய வேகத்தில் இது திரும்பாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், உள்ளே போன பிறகு பிரேக்கை மிதிக்காதீர்கள். அப்புறம் அந்த கேரியர். மலைக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டை, அடுப்பு எல்லாவற்றையும் மேலே கட்டுகிறார்கள். கனமானதைக் கீழே, சீட்டை ஒட்டி வையுங்கள்.

சின்னமனூர்: டயருக்குக் காற்று எவ்வளவு?

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும். ஆள் நிறைந்தால் வேறு அளவும் அதிலேயே போட்டிருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

தேனி: குமுளியிலிருந்து இறங்கும்போது கருகிய வாடை வருது. பிரேக் போயிருச்சா?

போகவில்லை, வெந்திருக்கிறது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடாகிப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

போன மாதம் லோயர் கேம்ப்பில் ஒருவர் புகைந்துகொண்டிருந்த சக்கரத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடலாம். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் டீ குடியுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள், சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள்.

பழைய டிரைவர்கள் சொன்னதுதான்: ஏறின கியரிலேயே இறங்கு. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வையுங்கள்.

போடி: எல்லாம் சரி அண்ணே. நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சமாகுதே?

ஆகாது தம்பி. கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின் டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும்.

போடி: எங்க மாமா இருபது வருஷமா அப்படித்தான் இறங்குறார்.

மாமா பிழைத்தது டீசல் கணக்கு ஆகாது. அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் மீட்டர் இருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கியரில் இறங்கும்போது உச்ச எண்ணில் நிற்கும், நியூட்ரலில் அதற்குக் கீழே வரும்.

தேவாரம்: நானும் பார்த்திருக்கேன். சமதளத்தில் நியூட்ரலில் வண்டி ரொம்ப தூரம் உருளுது.

சமதளத்தில் உருளும், ஒப்புக்கொள்கிறேன். மலையில் நமக்கு உருள வேண்டாம், நிற்க வேண்டும். ஒருசிலர் இன்ஜினையே அணைத்து இறங்குகிறார்கள். இரண்டு மூன்று மிதியில், பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். போடித் தம்பி, உங்கள் போடிமெட்டு வளைவில் மாமா இதைச் செய்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆண்டிபட்டி: காற்று 35 வைக்கலாமா?

கதவு ஸ்டிக்கர். மேலே சொல்லிவிட்டேன்.

பெரியகுளம்: முன்னால் கம்பி கார்டு மாட்டலாமா?

கூடாது. 2017 டிசம்பரில் மத்திய அரசு சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவருக்கு அடி பலமாக விழும். ஏர்பேக் சென்சாரும் ஏமாறலாம்.

கம்பம்: இன்சூரன்ஸ் கிளெய்ம் எப்படி?

ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

வீரபாண்டி: குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்கணும்?

இறங்குகிறவர். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. நின்றுவிட்டு மறுபடி கிளம்புவது அவருக்குத்தான் கஷ்டம். ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே நுழையாதீர்கள்.

கூடலூர்: டயர் காற்று...

கதவு.

போடி: மாமாகிட்ட கேட்டேன். வளைவில் மட்டும் கியர் போடுவாராம்.

வளைவு வந்த பிறகா, வருவதற்கு முன்னாலா? அவரையே நாளைக்குப் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள், முன்சக்கரத்தைக் கழற்றி பேட்டைப் பார்ப்போம்.