மோர் பெட்டர்

ஐயா,

அலுவலகக் கூட்டத்தில் 'திஸ் இஸ் மோர் பெட்டர்' என்று சொல்லிவிட்டேன். மேலாளர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எங்கே 'இஆர்' போடுவது, எங்கே 'மோர்' போடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. எல்டர், ஓல்டர் குழப்பமும் உண்டு. தமிழ் வழியில் படித்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

(ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

விதி சின்னதுதான். ஒரே அசையில் முடிகிற சொல்லுக்கு வாலில் இஆர், இஎஸ்டி சேரும்: பிக், பிக்கர், பிக்கஸ்ட். 'ஹாப்பி' போல 'ஒய்'யில் முடிந்தால் அது 'ஐ' ஆகி, பிறகு இஆர் வரும். 'பியூட்டிஃபுல்' போல நீண்டுவிட்டால் முன்னால் மோர், மோஸ்ட். 'கிளெவர்' மாதிரிச் சில சொற்கள் இரண்டையும் ஏற்கும். எல்டரையும் ஓல்டரையும் அகராதியில் பாருங்கள். அதற்கெல்லாம் கடிதம் வேண்டாம்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதிலே. தமிழ் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? ஒப்பிடும்போது ஆங்கிலத்தில் பண்புச் சொல்லே உருமாறுகிறது. தமிழில் அது அசையாது. 'அவனைவிட உயரம்' என்கிறோம்; உயரம் உயரமாகவே நிற்க, மாற்றமெல்லாம் 'அவன்' மேல் விழுகிறது. அந்த 'விட', 'விடு', அதாவது நீங்கு, என்ற வினையிலிருந்து வந்தது. நன்னூலும் நீங்கல், ஒப்பு இரண்டையும் ஐந்தாம் வேற்றுமையில்தான் வைக்கிறது. வள்ளுவர் 'தீயவை தீயினும் அஞ்சப்படும்' என்றார். 'அதிகமாக' என்று ஒரு சொல் அங்கே இருக்கிறதா? தீயோடு ஒட்டிய 'இனும்' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. உச்சத்துக்கும் அப்படித்தான், 'செல்வத்துள் செல்வம்' என்று முடித்துவிட்டார். இப்படி ஒரு மொழியை வைத்துக்கொண்டு அதன்மேல் பழி போடாதீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நானும் 'டால்' (உயரம்) என்பதை 'மோர் டாலர்' என்று எழுதினேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. 'மோர்' மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, "ஒரு தலைக்கு ரெண்டு தொப்பி எதுக்குடா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தவறு எனக்கு வந்ததே இல்லை.

ஆங்கிலேயரும் இரண்டு தொப்பி போட்டவர்கள்தான். ஷேக்ஸ்பியரின் ஆண்டனி, சீசரின் பிணத்தருகே நின்று 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்கிறான். ராபர்ட் லௌத் என்பவர் 1762-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் இந்த இரட்டிப்பு தவறு என்று அடித்துச் சொன்னார். 'நியர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'நை' என்ற பழைய சொல்லின் ஒப்பீட்டு வடிவம் அது. 'நெக்ஸ்ட்' அதன் உச்ச வடிவம். காலப்போக்கில் அது மறந்துபோய், நியர் மேல் இன்னொரு இஆர் ஏற்றி 'நியரர்' ஆக்கினார்கள். உங்கள் 'மோர் பெட்ட'ருக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அதற்காக நாளைக்கும் அப்படியே பேசாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது தவறு, சரி. ஆனால் அன்று உங்கள் மனதில் இருந்தது 'இன்னும் நல்லது', 'ரொம்ப நல்லது' என்பதுதானே? அந்த 'ரொம்ப'வுக்கு ஆங்கிலத்தில் இடம் இருக்கிறது. மோரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 'மச்' வையுங்கள். மச் பெட்டர். 'இன்னும்' என்றால் ஈவன் பெட்டர்.