கொலாஜன் பவுடர் முழங்காலுக்குப் போகுமா?

வணக்கம் ஐயா,

அம்மாவுக்கு 62 வயது. முழங்கால் வலியில் மாடி ஏற முடியவில்லை. கொலாஜன் பவுடர் குடித்தால் தேய்ந்த ஜவ்வு வளரும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விலையோ கையைக் கடிக்கிறது. ஆட்டுக்கால் சூப்பே போதும் என்கிறார் பாட்டி. குடிக்கிற கொலாஜன் நேராக மூட்டுக்குப் போகுமா?

வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

போகாது. பவுடரானாலும் சூப்பானாலும் உள்ளே போனதும் ஒரே கதிதான்.

கொலாஜனும் ஒரு புரதம்தான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. இரைப்பையின் அமிலம் அதன் மடிப்புகளைப் பிரிக்க, பெப்சின் ஆங்காங்கே நறுக்குகிறது. 1836இல் தியோடர் ஷ்வான் கண்டறிந்த நொதி அது. பெரிய வேலை நடப்பது சிறுகுடலில். புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற இன்னொரு நொதியைக் கணையம் அங்கே அனுப்பும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். கணையமும் புரதத்தால் ஆனதுதானே, தன்னையே தின்றுவிடக் கூடாதே! அதனால் டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் அனுப்புகிறது. சிறுகுடல் சுவரிலுள்ள என்டரோகைனேஸ் என்ற நொதி அதன் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டிய பிறகே அது வேலையைத் தொடங்கும். கணையத்துக்குள்ளேயே அது முந்திக்கொண்டால் கணைய அழற்சி வந்து ஆளைப் படுக்கவைத்துவிடும்.

கடைசியில் குடல் உள்ளே விடுவது ஒற்றை அமினோ அமிலங்களையும், இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளையும்தான். அந்தத் துணுக்குகளும் பெரும்பாலும் குடல் செல்லுக்குள்ளேயே அறுபட்டுவிடும். அப்புறம் எல்லாம் ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகும். பருப்பிலிருந்து வந்ததா, ஆட்டுக்காலிலிருந்து வந்ததா என்ற அடையாளமே அதில் இருக்காது. இன்சுலினை விழுங்காமல் ஊசியாகப் போடுவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். அதுவும் புரதம், வயிறும் குடலும் அதை விட்டுவைக்காது.

கொலாஜனில் மட்டும் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் கலந்த சில துணுக்குகள் தப்பி ரத்தத்தில் சேர்வது உண்மை. ஆனால் உடல் புதிதாகக் கொலாஜன் கட்டும்போது அந்த ஹைட்ராக்ஸிபுரோலினை எடுத்துக் கோப்பதில்லை. சாதாரணப் புரோலினைக் கோத்துவிட்டு, வைட்டமின் சி துணையோடு பிறகு மாற்றிக்கொள்கிறது. அந்த வைட்டமினுக்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். இன்னொன்று, உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய 9 அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் கிடையாது. புரதம் என்று பார்த்தால் முட்டை அதைவிட எவ்வளவோ மேல்.

பவுடரால் வலி கொஞ்சம் குறைந்ததாகச் சிலர் சொல்வார்கள். ஆனால் ஜவ்வு வளரும் என்ற பேச்சை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். அம்மாவுக்குச் சூப் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே முட்டை, மீன், பருப்பு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்று அம்மா தினமும் செய்யட்டும்.